பேழைக்குள் ஒரு பெயர்ச்சீட்டு



நம் வீட்டில் ஒரு பெரியவர் காலமானால் என்ன செய்கிறோம்? உடலைத் தகனம் செய்து, மறுநாள் சாம்பலையும் எலும்பையும் ஒரு கலயத்தில் எடுத்து, ஆற்றிலோ கடலிலோ கரைத்துவிடுகிறோம். அதோடு உடலுக்கும் நமக்கும் உள்ள உறவு முடிந்தது என்று தலைமுழுகிவிட்டு வீடு திரும்புகிறோம். இது நம்மில் பெரும்பாலோருடைய வழக்கம்.

ஆனால் நம் பள்ளிப் பிள்ளைகள் மலாக்காவுக்குச் சுற்றுலா போய்வந்தால், வகுப்பில் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "சார், கிறிஸ்துவங்க சாமியாரோட எலும்ப எடுத்து வெள்ளிப் பெட்டியில வைப்பாங்களாமே, எதுக்கு சார்?" நல்ல கேள்விதான். தோட்டத்தில் மாரியம்மன் கோயிலும் மாதா கோயிலும் சுராவும் அடுத்தடுத்து இருக்க வளர்ந்தவர்கள் நாம். பக்கத்து வீட்டுக்காரர் எதை ஏன் போற்றுகிறார் என்று தெரிந்துகொள்வது நமக்கு அழகு. ஆகவே இன்றைய பேச்சில் இந்தப் பழம்பெரும் பேழைகளைப் பற்றியும், அவற்றில் போற்றப்படும் தொடக்ககாலப் புனிதர்களைப் பற்றியும் பார்ப்போம்.

முதலில் சொல்லைத் தெரிந்துகொள்வோம். புனிதர் ஒருவருடைய எலும்பு, அவர் உடுத்திய துணி, அவர் பயன்படுத்திய பொருள் இவற்றைக் கத்தோலிக்கத் தமிழர்கள் 'திருப்பண்டம்' என்கிறார்கள். அதை வைத்துக் காக்கும் பெட்டி 'திருப்பண்டப் பேழை'. இப்படிப் போற்றுவது கிறிஸ்துவர்களுக்கு மட்டும் உரிய வழக்கம் அன்று. புத்தர் பெருமானின் எலும்புகளை எட்டாகப் பங்கிட்டு எட்டுத் தூபிகள் எழுப்பினார்கள் என்று பௌத்த நூல்கள் கூறுகின்றன. இலங்கையில் கண்டி நகரத்துத் தலதா மாளிகையில் புத்தரின் பல் என்று போற்றப்படும் ஒன்றை, ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கிய பொற்பேழைகளில் வைத்துக் காக்கிறார்கள். நம் நாட்டுச் சித்தர் சமாதிகளையும், நாகூர் ஆண்டவர் தர்காவையும் எண்ணிப் பாருங்கள். நல்லவர் ஒருவர் உறங்கும் இடத்தில் நின்று தலைவணங்கும் பழக்கம் நமக்கும் புதிதல்ல.

சரி, கிறிஸ்துவர்களிடையே இந்த வழக்கம் எப்படித் தொடங்கிற்று?

இயேசுவுக்குப் பின் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள், ரோமப் பேரரசில் கிறிஸ்துவராக இருப்பதே ஆபத்து. சில காலங்களில் தண்டனை கடுமையாக இருக்கும். சில காலங்களில் சற்றுத் தணிந்திருக்கும். தங்கள் நம்பிக்கையைக் கைவிட மறுத்து உயிர்விட்டவர்களை 'வேதசாட்சிகள்' என்று அழைத்தார்கள். இன்றைய துருக்கியில் இஸ்மிர் என்று பெயர் பெற்றுள்ள ஊர், அன்று ஸ்மிர்னா. அங்கே பொலிக்கார்ப்பு என்ற முதிய ஆயர் இருந்தார். ஏறக்குறைய கி.பி. 155ஆம் ஆண்டளவில் அவரைக் கொன்று, உடலை எரித்துவிட்டார்கள். அவ்வூர்க் கிறிஸ்துவர்கள் சாம்பலிலிருந்து எலும்புகளைப் பொறுக்கி எடுத்துத் தக்க இடத்தில் வைத்தார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் அங்கே கூடி அவரை நினைப்பது என்று முடிவு செய்தார்கள். அவர்கள் எழுதிய கடிதம் இன்றும் கிடைக்கிறது. திருப்பண்டங்களைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளில் அது ஒன்று.

அங்கே பொன்னும் இல்லை, வெள்ளியும் இல்லை. கொல்லப்பட்டவரை மறக்கக் கூடாது என்ற எண்ணம் மட்டுமே இருந்தது. தண்டித்தவர்கள் அவர் பெயரே இல்லாமல் போக வேண்டும் என்று நினைத்தார்கள். எளிய மக்கள் அந்தப் பெயரைக் காப்பாற்றினார்கள். இறந்தவர் ஒருநாள் உடலோடு உயிர்த்தெழுவார் என்பது கிறிஸ்துவர்களின் நம்பிக்கை. ஆகவே உடல் அவர்களுக்குக் கழித்துவிடும் பொருள் அன்று, காத்திருக்கும் பொருள்.

கி.பி. 313இல் கான்ஸ்டன்டைன் பேரரசர் காலத்தில் கிறிஸ்துவர்களுக்கு வழிபாட்டு உரிமை கிடைத்தது. அதன்பின் வேதசாட்சிகளின் கல்லறைகள் மேல் பெரிய கோயில்கள் எழுந்தன. புதிய ஊர்களில் கோயில் கட்டியவர்கள், தங்கள் பீடத்திலும் ஒரு புனிதரின் நினைவுப்பொருள் இருக்க வேண்டும் என்று விரும்பினார்கள். எலும்புகள் சிறு சிறு துண்டுகளாகி ஊர் ஊராகப் பயணப்பட்டன. பயணத்துக்குப் பெட்டி வேண்டும் அல்லவா? அப்படித்தான் பேழை செய்யும் கலை வளர்ந்தது.

வீட்டைப் போலக் கூரை வைத்த பேழைகள் உண்டு. கையெலும்பு இருந்தால் கை வடிவிலும், மண்டை ஓடு இருந்தால் தலை வடிவிலும் செய்தார்கள். மரத்தால் உள்ளுடல் செய்து, அதன்மேல் பொன் தகடும் வெள்ளித் தகடும் போர்த்தி, மணிக்கற்கள் பதிப்பது வழக்கம். ஜெர்மனியில் கொலோன் நகரப் பேராலயத்தில், குழந்தை இயேசுவைக் காண வந்த மூன்று ஞானியருடையவை என்று போற்றப்படும் எலும்புகளுக்காக ஒரு பேழை செய்தார்கள். எலும்புகள் 1164இல் இத்தாலியின் மிலான் நகரிலிருந்து கொண்டுவரப்பட்டவை. பேழையின் வேலை 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிப் பல ஆண்டுகள் நடந்தது. அதன் நீளம் ஏறத்தாழ 220 சென்டிமீட்டர். உயரம் 153 சென்டிமீட்டர். ஓர் ஆள் படுக்கும் கட்டிலைவிட நீளம்!

இன்னொரு பேழையை நம் பெண்பிள்ளைகளுக்காகச் சொல்ல வேண்டும். பிரான்சு நாட்டில் கோங்க் என்று ஒரு மலைக் கிராமம். அங்கே 'புனித ஃபுவா' என்ற சிறுமியின் பொற்சிலை இருக்கிறது. ஃபுவா என்றால் 'விசுவாசம்' என்று பொருள். கி.பி. 303ஆம் ஆண்டளவில், ஏறத்தாழப் பன்னிரண்டு வயதில், அவள் கொல்லப்பட்டதாக மரபு கூறுகிறது. நம் பள்ளியில் ஆறாம் ஆண்டு படிக்கும் பிள்ளையின் வயது! ஏறக்குறைய 85 சென்டிமீட்டர் உயரமுள்ள அந்தச் சிலையே அவளுடைய பேழை. பிரெஞ்சுப் புரட்சியின்போது அந்நாட்டுக் கோயில்களின் பொற்பேழைகள் ஏராளமாக உருக்கப்பட்டன. கோங்க் ஊர் மக்களோ தங்கள் கோயில் பொருள்களை வீடுகளில் ஒளித்துவைத்து, நிலைமை சீரானபின் திருப்பிக் கொடுத்தார்கள். அவர்கள் செல்வர்கள் அல்லர், விவசாயிகள். ஒரு துண்டுப் பொன்னை விற்றிருந்தால் பல மாதம் சாப்பிட்டிருக்கலாம். விற்கவில்லை.

இனி, நம் முன்னோர்களின் மண்ணுக்கு வருவோம். தொடக்ககாலப் புனிதர்களில் தமிழர்களுக்கு மிக நெருங்கியவர் யார்? இயேசுவின் பன்னிரண்டு சீடர்களில் ஒருவரான தோமையார். அவர் கி.பி. 52இல் கேரளக் கரையில் கொடுங்கல்லூரில் இறங்கினார் என்றும், 72இல் சென்னையில் ஈட்டியால் குத்தப்பட்டு உயிர்விட்டார் என்றும், மயிலாப்பூரில் அடக்கம் செய்யப்பட்டார் என்றும் மரபு கூறுகிறது. நம்மில் பலருடைய பாட்டன்மார்கள் கப்பலேறிய சென்னைத் துறைமுகத்திலிருந்து சில கல் தொலைவில்தான் அந்த இடம்.

தோமையாரின் எலும்புகள் செய்த பயணத்தைக் கேளுங்கள். ஒரு வணிகர் அவற்றை இந்தியாவிலிருந்து எடெசா நகரத்துக்குக் கொண்டுசென்றதாக, 373இல் மறைந்த எபிரேம் என்ற சிரியப் புலவர் பாடியிருக்கிறார். எடெசா என்பது இன்றைய துருக்கியின் உர்ஃபா. 1144இல் அந்நகரம் போரில் வீழ்ந்தது. பின்னர் எலும்புகள் கிரேக்கக் கடலில் உள்ள கியோஸ் தீவுக்குப் போய்ச் சேர்ந்தன. 1258இல் இத்தாலியக் கப்பல்கள் அங்கிருந்து அவற்றை ஒர்தோனா என்ற துறைமுக ஊருக்கு எடுத்துச்சென்றன. இன்றும் அந்த ஊர்ப் பேராலயத்தில் அவை போற்றப்படுகின்றன. 1953இல் அங்கிருந்து ஒரு கை எலும்பு கேரளத்துக்குத் திரும்பி வந்தது. கொடுங்கல்லூரில் அதை வைத்திருக்கிறார்கள். போகும்போது ஒரு கரை, திரும்பி வந்ததோ மற்றொரு கரை. இடையில் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல்!

அப்படியானால் மயிலாப்பூரில் என்ன மிஞ்சியது? மண் மிஞ்சியது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் நம் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, தோமையார் கல்லறைக்குக் கிறிஸ்துவர்களும் முஸ்லிம்களும் வந்து வணங்கியதாக எழுதியிருக்கிறார். அந்த இடத்துச் செம்மண்ணை எடுத்துப்போய், காய்ச்சலில் கிடப்பவர்களுக்கு நீரில் கரைத்துக் கொடுத்தார்களாம். 1523இல் போர்த்துக்கீசியர் அந்தக் கல்லறையைத் தோண்டியபோது, சில எலும்புகளும், ஓர் ஈட்டி முனையும், மண் நிறைந்த ஒரு மட்கலமும் கிடைத்தன என்று அவர்களுடைய பதிவுகள் கூறுகின்றன. கொலோனில் பொற்பேழை, மயிலாப்பூரில் மட்கலம்! 1896இல் கட்டிமுடிக்கப்பட்ட சாந்தோம் பேராலயம் இன்று அந்த இடத்தில் நிற்கிறது. சிறு எலும்புத் துண்டு ஒன்றும், அந்த ஈட்டி முனை என்று போற்றப்படுவதும் அங்கே பேழையில் உள்ளன.

அடுத்து, நம் ஜொகூருக்குப் பக்கத்து வீடான மலாக்காவுக்கு வருவோம். பிள்ளைகள் கேட்ட வெள்ளிப் பேழை இங்கே தொடர்புடையதுதான். அதற்குரியவர் பிரான்சிஸ் சவேரியார். அவர் தொடக்ககாலப் புனிதர் அல்லர். 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். ஆனாலும் நமக்கு உறவுள்ளவர். 1542இல் தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறைக்கு வந்து பரதவ மக்களிடையே வாழ்ந்தார். தமிழ் தெரியாத அவர், தெரிந்தவர்களைக் கொண்டு மந்திரங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, மனப்பாடம் பண்ணி, கையில் மணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தார். 1545இல் மலாக்காவுக்கு முதன்முதலாக வந்தார்.

1552 டிசம்பரில் சீனக் கரைக்கு அருகே சான்சியான் தீவில் அவர் இறந்தார். 1553 மார்ச்சில் உடலை மலாக்காவுக்குக் கொண்டுவந்து குன்றின்மேல் உள்ள கோயிலில் புதைத்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் மீண்டும் எடுத்துக் கப்பலேற்றினார்கள். 1554இல் கோவாவை அடைந்தது. 1614இல் வலது முன்கையைப் பிரித்து ரோமுக்கு அனுப்பினார்கள். எத்தனையோ பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்த கை என்பதால் அதற்குத் தனிச்சிறப்பு. 1637இல் கோவாவின் வெள்ளிக் கைவினைஞர்கள் உடலுக்கு வெள்ளிப் பேழை செய்து முடித்தார்கள். இந்தியக் கைகள் செய்த அந்தப் பேழையில்தான் இன்றும் உடல் இருக்கிறது. பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் பொதுத் தரிசனம் கடைசியாக 2024 நவம்பரில் தொடங்கி 2025 ஜனவரி வரை நடைபெற்றது.

மலாக்காவில் மிஞ்சியது வெறும் குழி. 1641இல் டச்சுக்காரர்கள் ஜொகூர்ப் படைகளின் துணையோடு மலாக்காவைப் பிடித்தார்கள். கத்தோலிக்க வழிபாடு ஒடுக்கப்பட்டது. குன்றுக் கோயில் டச்சுக்காரர்களின் கைக்குப் போய், பின்னாளில் கூரையற்ற இடிசுவராயிற்று. உள்ளே அந்தக் குழியைக் கம்பி வலையிட்டுக் காத்திருக்கிறார்கள். அதில் எலும்பும் இல்லை, பொன்னும் இல்லை. ஆனாலும் நாள்தோறும் மக்கள் நின்று பார்க்கிறார்கள். ஏன்? யாருடைய குழி என்று தெரிந்திருப்பதால். அந்தப் பெயர் மட்டும் தெரியாதிருந்தால், பிள்ளைகள் தாண்டிக் குதிக்கும் ஒரு பள்ளமாகவே அது இருந்திருக்கும்.

நேயர்களே, இங்கே ஒரு நியாயமான கேள்வி எழுகிறது. இந்த எலும்புகள் எல்லாம் உண்மையானவைதாமா?

எல்லாம் அல்ல. மதிப்பு இருக்கும் இடத்தில் மோசடி நுழையாமல் இராது. ஐரோப்பாவில் போலித் திருப்பண்டங்கள் தாராளமாக விற்கப்பட்டன. திருட்டும் நடந்தது. மேலே சொன்ன ஃபுவாவின் எலும்புகளே, 9ஆம் நூற்றாண்டில் வேறோர் ஊரிலிருந்து கோங்க் மடத்துத் துறவி ஒருவர் கவர்ந்து வந்தவை! திருச்சபை இதைக் கண்டும் காணாமல் இருந்துவிடவில்லை. 1215இல் ரோமில் கூடிய லாத்தரன் பொதுச்சங்கம், பழைய திருப்பண்டங்களைப் பேழைக்கு வெளியே எடுத்துக் காட்டக் கூடாது, விற்பனைக்கு வைக்கவும் கூடாது என்று விதித்தது. இன்று நடைமுறையில் இருக்கும் 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டமும் திருப்பண்டங்களை விற்பதை அறவே தடை செய்கிறது.

உண்மையைக் காக்க அவர்கள் செய்த எளிய ஏற்பாடு ஒன்று உண்டு. எலும்புத் துண்டோடு, அது யாருடையது என்று எழுதிய சிறு சீட்டு ஒன்றையும் சேர்த்து வைத்தார்கள். பழங்காலத்தில் அது தோல் துண்டு, பின்னாளில் காகிதம். சிறு பேழையானால் நூலால் கட்டி, அரக்கு முத்திரை இட்டு, ஆயரின் சான்றுத்தாளையும் உடன் கொடுப்பார்கள். முத்திரை உடைந்து, சீட்டும் தொலைந்துவிட்டால், அந்த எலும்பை இன்னாருடையது என்று காட்டிப் போற்ற முடியாது. பேழையின் பொன் அப்படியே இருக்கும். எடைபோட்டால் விலையும் கிடைக்கும். ஆனால் அது வெறும் பழம்பொருள் ஆகிவிடும். ஆகவே பேழைக்குள் இருக்கும் பொருள்களில் விலைமதிப்பற்றது பொன்னா, மணிக்கல்லா? இல்லை. அரையங்குல அகலம்கூட இல்லாத அந்தப் பெயர்ச்சீட்டுதான்.

இதை நாம் நம் வாழ்க்கையோடு பொருத்திப் பார்க்க வேண்டும்.

ஜொகூரில் எத்தனையோ ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைத் தோட்டங்கள் ஆயின. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தாமான்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. லயத்தில் பிறந்தவர்கள் இன்று அடுக்குமாடி வீடுகளில் இருக்கிறார்கள். வீடு மாறும்போது லோரியில் எதை ஏற்றினோம்? கட்டிலையும் தொலைக்காட்சிப் பெட்டியையும் ஏற்றினோம். தாத்தாவின் பால்வெட்டும் கத்தியும், பாட்டியின் அஞ்சறைப்பெட்டியும், பழைய தகரப்பெட்டியும் பல வீடுகளில் பின்கட்டிலேயே கிடந்துவிட்டன. தோட்டத்து மாதா கோயில் மூடப்பட்டபோதும், அம்மன் கோயில் இடம் மாறியபோதும், சிறு சிலைகளும் சிலுவைகளும் மணிகளும் எங்கே போயின என்று கேட்டால் பல இடங்களில் பதில் இல்லை. சில, பழம்பொருள் வாங்குகிறவர்கள் கைக்குப் போய்விடுகின்றன. வாங்குகிறவர் பித்தளையின் எடையைப் பார்ப்பார். அந்த மணியை யார் அடித்தார்கள் என்று கேட்க மாட்டார்.

தோட்டத்து இடுகாடுகளை நினைத்தால் இன்னும் வருத்தம். காட்டை அழித்துத் தோட்டம் போட்டவர்கள், மலேரியாவில் மாண்டவர்கள், சயாம் மரண ரயில் வேலைக்குப் போய்த் திரும்பாதவர்களின் மனைவியர் எல்லாரும் அங்கேதான் உறங்குகிறார்கள். பல மேடுகளில் கல் இல்லை. கல் இருந்தாலும் பெயர் இல்லை. ஸ்மிர்னா மக்கள் பொலிக்கார்ப்புக்குச் செய்ததில் ஒரு பங்கையாவது நாம் இவர்களுக்குச் செய்திருக்கிறோமா?

எலும்பைத் தோண்டிப் பொன்னில் வையுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. அவரவர் சமய வழக்கம் அவரவருக்கு. கரைக்கிறவர்கள் கரைக்கட்டும், புதைக்கிறவர்கள் புதைக்கட்டும். பெயர்ச்சீட்டு மட்டும் எல்லாருக்கும் பொது.

செய்யக்கூடியவை சில உண்டு, காசு செலவில்லை. வீட்டில் உள்ள பழைய படங்களை எடுத்து, பின்பக்கத்தில் மெல்லிய பென்சிலால், இவர் இன்னார், இந்த ஊரிலிருந்து வந்தவர், இந்தத் தோட்டத்தில் இந்த வேலை செய்தவர் என்று எழுதுங்கள். எழுதத் தெரியாத பாட்டி சொல்லட்டும். படிக்கும் பேத்தி எழுதட்டும். பழைய கத்தியோ குத்துவிளக்கோ இருந்தால், அதோடு ஒரு சீட்டைக் கட்டிவையுங்கள். சிவப்பு அடையாள அட்டை, பழைய கடப்பிதழ், பிறப்புப் பத்திரம் இவற்றை ஒரு பெட்டியில் பத்திரமாக வையுங்கள். இவை நினைவுக்கு மட்டும் அல்ல, உரிமைக்கும் சான்று. தாத்தாவின் பத்திரம் இல்லாததால் குடியுரிமைக்கு அலைந்த குடும்பங்களை நாம் கண்டிருக்கிறோம். மூடப்பட்ட கோயிலின் பொருள் கையில் இருந்தால் விற்றுவிடாதீர்கள். மாதா கோயில் பொருளானால் பங்குத் தந்தையிடமும், அம்மன் கோயில் பொருளானால் ஆலய நிர்வாகத்திடமும், எந்தத் தோட்டத்துப் பொருள் என்று எழுதிக்கொடுத்து ஒப்படையுங்கள்.

இடுகாடு இன்னும் இருக்கும் தோட்டமானால், பொங்கல் விடுமுறையிலோ கல்லறைத் திருநாளிலோ பிள்ளைகளை அழைத்துப் போங்கள். பெரியவர்கள் கைகாட்டச் சொல்லி, எந்த மேடு யாருடையது என்று ஒரு நோட்டில் குறியுங்கள். கைகாட்டக் கூடியவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவருகிறார்கள். இதற்கு நாளை என்ற தவணை கிடையாது.

மட்கலமோ வெள்ளிப் பேழையோ, அதற்குப் பெருமை தருவது உள்ளே இருப்பவரின் பெயரும், அவர் வாழ்ந்த வாழ்வுமே. நம் வீட்டுத் தகரப்பெட்டிக்கும் அந்தப் பெருமை வரட்டும். இன்று மாலையே ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு பாட்டியின் பக்கத்தில் உட்காருங்கள்.